மாதாந்திரப் பாதுகாப்புத் திருத்தங்கள்: எந்தக் கணினிக்கு முதலில்? – ஒரு வரலாறு

பாதுகாப்புத் திருத்தம் என்பது, மக்கள் ஏற்கெனவே பயன்படுத்திவரும் மென்பொருளில் கண்டறியப்பட்ட ஓட்டையை அடைப்பதற்காக, அதைத் தயாரித்த நிறுவனம் பின்னர் வெளியிடும் சிறு நிரல் ஆகும். கணினித் துறையினர் இதைப் ‘பேட்ச்’ என்பர். மிதிவண்டி டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுபவரும் இதே சொல்லைத்தான் சொல்கிறார். இது தற்செயலானது அன்று. 1940களில் ஹார்வர்டு மார்க் 1 போன்ற கணினிகளுக்கான கட்டளைகள் துளையிட்ட காகிதச் சுருளில் இருந்தன. தவறான இடத்தில் துளை விழுந்துவிட்டால் அதன்மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி மூடினார்கள். சொல் அங்கிருந்து வந்தது. காகிதம் போய்விட்டது, ஒட்டு நின்றுவிட்டது.

ஒரு கணினி இருந்தால் வந்த திருத்தத்தை உடனே நிறுவிவிடலாம். ஓர் அலுவலகத்தில் ஐந்நூறு கணினிகளும் முப்பது வழங்கிகளும் (சர்வர்களும்) இருந்து, ஒரே நாளில் ஐம்பது, நூறு குறைகளுக்கான திருத்தங்கள் வந்தால் எதை முதலில் செய்வது, எதை அடுத்த வாரத்துக்குத் தள்ளுவது? மாதாமாதம் எழும் இந்தக் கேள்விக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலான வரலாறு உண்டு. மருத்துவமனைகளும் துறைமுகங்களும் ஊராட்சி அலுவலகங்களும் ஸ்தம்பித்த நாட்கள் அதில் உள்ளன.

செவ்வாய்க்கிழமைக்கு முன்

தொடக்கத்தில் திருத்தங்களுக்கு நாள் கிழமை கிடையாது. எப்போது தயாரோ அப்போது வெளிவந்தன. கணினிகளைப் பராமரிப்பவர் ஒவ்வொரு நாளும் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குறைகளுக்குப் பொதுவான பெயர்கூட இல்லாததால் ஒரே குறையை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயரில் அழைத்தது. 1999இல் அமெரிக்காவின் மைட்டர் அமைப்பு ‘சி.வி.இ.’ என்ற எண் முறையைத் தொடங்கிய பிறகுதான் எல்லாரும் ஒரே குறையைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது உறுதியாயிற்று.

அடுத்த நான்கு ஆண்டுகள் கணினிப் புழுக்களின் காலம். 2001 ஜூலையில் ‘கோட் ரெட்’, அதே செப்டம்பரில் ‘நிம்டா’, 2003 ஜனவரி 25 அன்று ‘ஸ்லாமர்’, அதே ஆகஸ்டில் ‘பிளாஸ்டர்’. கோட் ரெட், ஸ்லாமர், பிளாஸ்டர் மூன்றுக்கும் திருத்தம் முன்னதாகவே வெளிவந்திருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கோட் ரெட்டுக்குச் சுமார் ஒரு மாதம் முன்பு, ஸ்லாமருக்கு ஆறு மாதம் முன்பு, பிளாஸ்டருக்கு 26 நாள் முன்பு. மருந்து கடையில் இருந்தது. வாங்கிச் சாப்பிட்டவர் குறைவு.

இவற்றில் ஸ்லாமரைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. அதன் நிரல் வெறும் 376 பைட்டு. இந்தப் பத்தியின் எழுத்துகளைச் சேமிக்க அதைவிட அதிக இடம் வேண்டும். தொடக்கத்தில் 8.5 நொடிக்கு ஒருமுறை இரட்டிப்பாகி, ஏறத்தாழ 75,000 கணினிகளைப் பிடித்தது. அவற்றில் பெரும்பாலானவை முதல் பத்து நிமிடங்களில் விழுந்தவை. அது தாக்கியது மைக்ரோசாஃப்டின் எஸ்.கியூ.எல். தரவுத்தள வழங்கியை. ஆனால் அந்தத் தரவுத்தளத்தின் சிறிய வடிவம் ஒன்று வேறு பல மென்பொருள்களுக்குள் பொதியப்பட்டு, சாதாரண மேசைக் கணினிகளிலும் ஓடிக்கொண்டிருந்தது. தம் கணினியில் அப்படியொன்று இருப்பதே அவற்றை வைத்திருந்தவர்களுக்குத் தெரியாது. வழங்கிகளை மட்டும் திருத்தினால் போதும் என்று நினைத்தவர்களும் அகப்பட்டார்கள். திருத்தத்தை வெளியிட்ட மைக்ரோசாஃப்டின் சொந்தக் கணினிகள் சிலவும் அந்தப் புழுவிடம் சிக்கின.

இரண்டாம் செவ்வாய்

2003 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம், இனி மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை அன்று எல்லாத் திருத்தங்களையும் ஒன்றாக வெளியிடும் வழக்கத்தைத் தொடங்கியது. ‘பேட்ச் செவ்வாய்’ என்ற பெயர் தானாக ஒட்டிக்கொண்டது. திங்கள், வார இறுதியில் சேர்ந்த வேலைகளுக்குப் போய்விடும். செவ்வாயில் வெளியிட்டால், ஏதேனும் கெட்டுப்போனால் சரிசெய்ய வாரத்தின் மீதி நாட்கள் கையில் இருக்கும். அமெரிக்க மேற்குக் கரையில் காலை பத்து மணி என்பது நமக்குக் கோடையில் இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. ஆகவே இந்திய அலுவலகங்களுக்கு இது நடைமுறையில் புதன்கிழமைக் காலை வேலைதான். ஆரக்கிள் 2005 முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டது. அடோபியும் எஸ்.ஏ.பி.யும் பின்னர் இரண்டாம் செவ்வாயையே ஏற்றன.

நாள் குறித்ததால் திட்டமிட முடிந்தது. அதற்கு ஒரு விலையும் இருந்தது. திருத்தம் வெளிவந்த அன்றே, பழைய நிரலையும் புதிய நிரலையும் ஒப்பிட்டு, அடைக்கப்பட்ட ஓட்டை எது என்று தாக்குபவர்களும் கண்டுபிடிக்கலாம். பூட்டு மாற்றப்பட்ட வீடு எது என்று தெரிந்தால் மாற்றாத வீடு எது என்பதும் தெரிந்துவிடுகிறது அல்லவா? அவசரக் குறைகளுக்கு நாள் பார்க்காமலும் வெளியிட வேண்டியிருந்தது. 2008 அக்டோபர் 23 அன்று அப்படி வந்த எம்.எஸ்.08-067 திருத்தத்தை நிறுவாதவர்களை, ஒரு மாதத்துக்குள் ‘கான்ஃபிக்கர்’ புழு தேடி வந்தது.

தரவரிசைகளும் இக்காலத்தில்தான் உருவாயின. 2002 முதல் மைக்ரோசாஃப்ட், மிக அபாயம், முக்கியம், நடுத்தரம், குறைவு என்று நான்கு படிகளைப் பயன்படுத்தியது. 2005இல் சி.வி.எஸ்.எஸ். என்ற பொது மதிப்பெண் முறை வந்தது. பத்துக்கு எத்தனை என்று குறையின் கடுமையைச் சொல்லும். 2008 அக்டோபரில், இந்தக் குறையைத் தாக்குபவர் பயன்படுத்த எவ்வளவு வாய்ப்புண்டு என்று சொல்லும் குறியீடு ஒன்றையும் மைக்ரோசாஃப்ட் சேர்த்தது. கடுமை வேறு, வாய்ப்பு வேறு என்ற தெளிவு இங்கே தொடங்குகிறது. மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மாணவனை எடைபோடக் கூடாது என்று முப்பது ஆண்டு சொல்லிவந்த எனக்கு இதைப் புரிந்துகொள்ளக் கடினமாக இல்லை.

வழங்கியா, பயனர் கணினியா?

வழங்கி நாள் முழுதும் விழித்திருந்து பிறர் கேட்பதற்கு விடை சொல்லிக்கொண்டிருப்பது. இணையத்தை நோக்கி இருந்தால், யாரும் எதையும் சொடுக்காமலே அதைத் தாக்கலாம். அது விழுந்தால் நூறு பேர் வேலை நிற்கும். ஆனால் அதைத் திருத்துவதற்கும் ஒருமுறை நிறுத்தி எழுப்ப வேண்டியிருப்பதால் ‘இந்த மாதம் சம்பளப் பட்டியல் முடியட்டும்’ என்று தள்ளிப்போடுவதும் வழங்கியில்தான் அதிகம். பயனர் கணினியின் கதை வேறு. அங்கே உட்கார்ந்திருப்பவர் மின்னஞ்சல் இணைப்பைத் திறப்பார், வலைப்பக்கத்துக்குப் போவார். அவர் கையால்தான் ஆபத்து உள்ளே வரும். ஆகவே உலாவி, அலுவலக மென்பொருள், பி.டி.எஃப். படிப்பான் ஆகியவற்றின் குறைகள் பயனர் கணினியில் அவசரம். அதே குறை, யாரும் உலாவாத தரவுத்தள வழங்கியில் அவ்வளவு அவசரமன்று. ஒரே திருத்தம் இரண்டு இடங்களில் இரண்டு வரிசை பெறுகிறது.

எதிர்ப்பக்கத்துக்கு எடுத்துக்காட்டு, 2020 ஆகஸ்டில் திருத்தப்பட்ட ‘ஜீரோலாகான்’ குறை. மதிப்பெண் பத்துக்குப் பத்து. எல்லாருடைய கடவுச்சொல்லையும் சரிபார்க்கும் வழங்கியை அது நேரடியாகத் தாக்கியது. அந்த மாதம் மேசைக் கணினிகளைத் தள்ளிவைத்துவிட்டு அந்த ஒன்றிரண்டு வழங்கிகளைக் கவனிப்பதே சரியாக இருந்தது.

இணையமே இல்லாத கணினிக்குத் திருத்தம் எதற்கு என்ற எண்ணம் நம் ஊர்ப்பக்கம் பரவலாக இருந்தது. எனக்கும் இருந்தது. நான் பணியாற்றிய பள்ளி ஒன்றின் கணினி அறையில் விண்டோஸ் எக்ஸ்.பி. ஓடியது; இணைய இணைப்பு இல்லை. அதனால் அது பாதுகாப்பானது என்று நம்பினோம். வினாத்தாள் அச்சிட ஆசிரியர்கள் கொண்டுவரும் பென் டிரைவ் வழியாகத் தீநிரல் வந்தது. ஒரு திங்கட்கிழமை எல்லாக் கணினிகளிலும் கோப்புறைகள் காணாமல் போய், அவற்றின் பெயரில் குறுக்குவழிச் சின்னங்கள் மட்டும் நின்றன. பத்தாம் வகுப்பு செய்முறை மதிப்பெண்களை மறுபடி தட்டச்சு செய்ய இரண்டு நாள் ஆயிற்று. பென் டிரைவைச் செருகியவுடன் நிரல் தானே ஓடும் வசதியைக் கட்டுப்படுத்தும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2011 பிப்ரவரியில் எக்ஸ்.பி.க்கு வழங்கியிருந்தது. ஒரு குறுந்தகட்டில் கொண்டுவந்து போட்டிருக்கலாம். எங்களுக்குத் தெரியாது.

எக்ஸ்.பி.யின் முடிவும் தமிழ்நாட்டின் ஆணையும்

2001இல் வந்த எக்ஸ்.பி.க்குத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8 அன்றுடன் நிறுத்தப்பட்டன. ஓட்டை தெரிந்தாலும் ஒட்டு வராது என்ற நிலை. அரசு அலுவலகங்களில் எக்ஸ்.பி. மலிந்திருந்த காலம் அது. அந்நேரம் தமிழ்நாடு அரசு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறுமாறு தன் துறைகளைக் கேட்டுக்கொண்டது. விலையில்லா மடிக்கணினிகளிலும் விண்டோஸுடன் பாஸ் இருந்ததை அன்றைய மாணவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். எத்தனை பேர் அதைத் திறந்தார்கள் என்பது வேறு விஷயம். மாறாத இடங்களில் எக்ஸ்.பி. தொடர்ந்தது.

கைநழுவிய தேர்வு

2016 அக்டோபர் வரை, விண்டோஸ் 7, 8.1 கணினிகளில் அந்த மாதம் வந்த திருத்தங்களில் வேண்டியதை மட்டும் தேர்ந்து நிறுவலாம். அச்சுப்பொறியைக் கெடுக்கும் என்று கேள்விப்பட்டால் அந்த ஒன்றை மட்டும் விட்டுவிடலாம். அக்டோபர் முதல் எல்லாம் ஒரே பொட்டலமாயின. விண்டோஸ் 10 தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். இது சிறு மாற்றம் போலத் தோன்றினாலும், என் பார்வையில் இந்த வரலாற்றின் பெரிய திருப்பம் இதுவே. அதுவரை முன்னுரிமை என்றால் ‘எந்தத் திருத்தம் முதலில்’ என்று பொருள். அதற்குப் பின் ‘எந்தக் கணினி முதலில்’ என்பதே மிஞ்சிய கேள்வி. முதலில் ஒரு சிறு சோதனைக் குழு, சில நாளில் பெரும்பாலோர், இறுதியில் தொடவே பயப்படும் பழைய இயந்திரங்கள் என்று வட்டம் வட்டமாக நிறுவும் முறை பரவியது.

59 நாட்கள்

2017 பிப்ரவரியின் பேட்ச் செவ்வாயை மைக்ரோசாஃப்ட் ரத்து செய்தது. இரண்டு மாதத்துத் திருத்தங்கள் மார்ச் 14 அன்று சேர்ந்து வந்தன, 18 அறிவிக்கைகள். அவற்றுள் ஒன்று எம்.எஸ்.17-010. கோப்புகளைப் பகிர விண்டோஸ் பயன்படுத்தும் எஸ்.எம்.பி. என்ற நெறிமுறையின் பழைய வடிவத்திலிருந்த ஓட்டையை அது அடைத்தது. ‘மிக அபாயம்’ என்ற முத்திரை இருந்தது. ஆனால் அதே முத்திரை பெற்ற வேறு அறிவிக்கைகளும் அன்று வந்திருந்தன. கூட்டத்தில் ஒருவராக அது நின்றது.

ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 14 அன்று, ‘ஷேடோ புரோக்கர்ஸ்’ என்ற பெயரில் இயங்கிய கும்பல், அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமையிடமிருந்து திருடியதாகக் கருதப்படும் கருவிகளை இணையத்தில் கொட்டியது. அவற்றுள் ‘இட்டர்னல்புளூ’ என்பது, எம்.எஸ்.17-010 அடைத்த அதே ஓட்டைக்கான திறவுகோல். அன்றிலிருந்து திருத்தத்தின் வரிசை மாறியிருக்க வேண்டும். மார்ச்சில் பத்தில் ஒன்றாக இருந்தது ஏப்ரலில் முதலாவதாகிவிட்டது. ஆனால் பல அலுவலகங்கள் மார்ச் மாதக் கணக்கை மார்ச்சோடு மூடிவிட்டிருந்தன. பாகூர் ஏரிக்கரையில் சித்திரையில் பார்த்து வைத்த சிறு கசிவு, ஐப்பசி மழையில் சிறு கசிவாகவே இருக்குமா?

மே 12, வெள்ளிக்கிழமை. திருத்தம் வந்து 59ஆம் நாள் ‘வான்னாகிரை’ தொடங்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. யாரும் எதையும் சொடுக்க வேண்டியதில்லை. ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தானே பரவியது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் சிக்கின. இங்கிலாந்தில் தேசிய சுகாதாரச் சேவையின் 236 மருத்துவ அமைப்புகளில் குறைந்தது 81 பாதிக்கப்பட்டன. ஏறத்தாழ 19,000 சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் பின்னர் மதிப்பிட்டது. நிறுவுமாறு மார்ச்சிலும் ஏப்ரலிலும் அங்கே எச்சரிக்கை அனுப்பப்பட்டிருந்ததையும் அதே அறிக்கை கூறுகிறது. எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது. நிறுவினார்களா என்று பார்க்க வழி இருக்கவில்லை.

இந்தியாவில் வார இறுதி காப்பாற்றியது என்று சொல்ல வேண்டும். சனிக்கிழமையே கணினி அவசரக் குழுவான சர்ட்-இன் எச்சரிக்கை விடுத்தது. ஆந்திரக் காவல் துறையின் கணினிகள் சில பூட்டப்பட்டன. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் ரெனோ–நிசான் கார் தொழிற்சாலையும் பாதிக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. திங்கள் காலை கேரளத்தில் வயநாட்டின் தரியோடு ஊராட்சி அலுவலகத்தைத் திறந்தவர்கள் பூட்டிய கணினிகளைக் கண்டார்கள். பத்தனம்திட்டா மாவட்டத்தின் அருவாப்புலம் ஊராட்சியிலும் அப்படியே. மறுநாள் தெற்கு ரயில்வேயின் பாலக்காடு கோட்ட அலுவலகக் கணினிகள். திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் சில பழைய கணினிகளும் இந்தப் பட்டியலில் உண்டு. இவை எல்லாம் பெரிய வழங்கிகள் அல்ல. முன்னுரிமைப் பட்டியலில் கடைசியில் நிற்கும் மேசைக் கணினிகள். ஊராட்சி அலுவலகக் கணினிக்குள் இருப்பது பிறப்புச் சான்றிதழும் வீட்டு வரியும் ஓய்வூதிய விண்ணப்பமும்தான். அது யாருக்கு அவசரம், யாருக்கு அவசரமில்லை என்பது எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ஆதரவு முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்த எக்ஸ்.பி.க்கும் மைக்ரோசாஃப்ட் அந்த வார இறுதியில் திருத்தம் தந்தது. ஆனால் சிக்கிய கணினிகளில் மிகப் பெரும்பாலானவை எக்ஸ்.பி. அல்ல, விண்டோஸ் 7 என்பது பின்னர் தெரிந்தது. அவற்றுக்கான திருத்தம் 59 நாட்களாகக் காத்திருந்தது.

ஆறு வாரம் கழித்து, ஜூன் 27 அன்று, ‘நாட்பெட்யா’ வந்தது. அதுவும் இட்டர்னல்புளூவைப் பயன்படுத்தியது. கூடவே, பிடித்த கணினியின் நினைவகத்திலிருந்து கடவுச்சொற்களைத் திருடி, திருத்தம் நிறுவிய கணினிகளுக்குள்ளும் நுழைந்தது. வலையமைப்பில் ஒன்று திருத்தப்படாமல் இருந்தாலும் மற்றவை விழலாம் என்றாயிற்று. மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் பத்து நாட்களில் 4,000 வழங்கிகளையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது. மும்பைக்கு அருகே ஜவகர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் நடத்திய முனையத்தில் சரக்குப் பெட்டிகள் தேங்கின. மெர்ஸ்கின் பயனர் விவரங்களைத் தாங்கும் வழங்கிகளில் தப்பியது கானா நாட்டிலிருந்த ஒன்றுதான். தாக்குதலின்போது அங்கே மின்சாரம் போயிருந்தது.

ஏ.டி.எம். கால அட்டவணை

ஏ.டி.எம். இயந்திரத்துக்குள் இருப்பதும் ஒரு கணினிதான். இந்தியாவில் அவற்றுள் பல எக்ஸ்.பி.யில் ஓடிக்கொண்டிருந்தன. வான்னாகிரைக்கு 25 நாட்கள் முன்பே, 2017 ஏப்ரல் 17 அன்று, ரிசர்வ் வங்கி இது குறித்து வங்கிகளுக்கு எழுதியிருந்தது. நடவடிக்கை மெதுவாக இருக்கவே, 2018 ஜூன் 21 அன்று காலக்கெடுவுடன் சுற்றறிக்கை விட்டது. அது முன்னுரிமைக்கு நல்ல பாடமாகும். செலவில்லாமல் உடனே செய்யக்கூடியவை முதலில்: இயந்திரத்தின் அடிப்படை அமைப்புக்குக் கடவுச்சொல் இடுவது, யூ.எஸ்.பி. துளைகளை முடக்குவது, தானாக ஓடும் வசதியை நீக்குவது ஆகியவை ஆகஸ்டுக்குள். இயங்குதளத்தை மாற்றுவது படிப்படியாக: செப்டம்பருக்குள் 25 விழுக்காடு, டிசம்பருக்குள் 50, 2019 மார்ச்சுக்குள் 75, ஜூனுக்குள் முழுவதும். முழுத் திருத்தம் வரும்வரை கதவையாவது சாத்தி வை என்பதுதான் இதன் கருத்து.

திருத்தமே தீங்கானால்

தாமதிப்பவர்களை எல்லாம் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது. 2013 ஏப்ரலில் வந்த எம்.எஸ்.13-036 திருத்தம் சில விண்டோஸ் 7 கணினிகளை எழ விடாமல் செய்தது, திரும்பப் பெறப்பட்டது. 2018 ஜனவரியில், மெல்ட்டவுன், ஸ்பெக்டர் குறைகளுக்கான திருத்தம் ஏ.எம்.டி. செயலியுள்ள சில கணினிகளை முடக்கியது. 2024 ஜூலை 19 அன்று நடந்தது இன்னும் பெரிது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பு ஒன்று சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைச் செயலிழக்கச் செய்தது. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய அனுமதிச் சீட்டுகள் தரப்பட்டன. அது மாதாந்திரத் திருத்தம் அன்று. ஆனால் எல்லாக் கணினிக்கும் ஒரே நொடியில் அனுப்பினால் என்ன ஆகும் என்பதைக் காட்டியது. சோதித்துப் பார்த்து நிறுவ விரும்புபவர் பக்கமும் நியாயம் உண்டு. எத்தனை நாள் சோதிப்பது என்பதில்தான் சண்டை.

பட்டியல்களின் காலம்

2024இல் மட்டும் சுமார் 40,000 சி.வி.இ. எண்கள் வெளியிடப்பட்டன. அவற்றுள் தாக்குதலில் உண்மையில் பயன்படுபவை மிகச் சிறு பங்கே. ஏழுக்கு மேல் மதிப்பெண் பெற்றதை எல்லாம் உடனே செய் என்ற பழைய விதியை இனி யாராலும் கடைப்பிடிக்க முடியாது. அதனால் புதிய வழிகள் வந்தன. அடுத்த 30 நாட்களில் இந்தக் குறை பயன்படுத்தப்படும் வாய்ப்பு எவ்வளவு என்று கணிக்கும் இ.பி.எஸ்.எஸ். முறை ஒன்று. தாக்குதலில் பயன்படுவது உறுதியான குறைகளை மட்டும் தொகுக்கும் பட்டியல் மற்றொன்று. அதை அமெரிக்காவின் சிசா முகமை 2021 நவம்பரில் தொடங்கியது. அந்நாட்டு நடுவண் அரசுத் துறைகள், புதிய குறையாயின் பொதுவாக இரண்டு வாரத்தில் திருத்த வேண்டும். பழையதாயின் ஆறு மாதம். அந்த ஆணை அந்நாட்டுக்கு மட்டுமே உரியது. பட்டியலை இலவசமாக யாரும் பார்க்கலாம். இந்தியாவில் 2022 ஏப்ரல் 28 அன்று சர்ட்-இன் பிறப்பித்த ஆணை, தாக்குதலை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கிறது.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அன்றும் இரண்டாம் செவ்வாய்தான். சிசாவின் பட்டியலில் 2022ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டவற்றுள் சி.வி.இ.-2017-0144 என்ற எண்ணும் இருக்கிறது. எம்.எஸ்.17-010 அடைத்த, இட்டர்னல்புளூ திறந்த ஓட்டையின் எண் அது. ஐந்து ஆண்டுகள் கழித்தும், திருத்துமாறு அதற்கு நாள் குறிக்க வேண்டியிருந்தது.